அலம்புவது வேறு, கழுவுவது வேறு

கேள்வி:

ஐயா, நான் விசுவமடுவில் இருக்கிறேன். வீட்டில் சாப்பிட முதல் எல்லோரும் சவுக்காரம் போட்டுத்தான் கை கழுவுவோம். வெளியில் போனால் அது நடப்பதில்லை. போன மாதம் கிளிநொச்சியில் அலுவல் முடித்து, இரவு ஒரு கடையில் கொத்துச் சாப்பிட்டோம். பேசினில் சவுக்காரம் இல்லை. நான் கேட்கப் போக, "எடுப்புக் காட்டாதே, தண்ணியில அலம்பிப் போட்டு வா" என்று இவர் சொல்லிவிட்டார். இரண்டாம் நாள் இரவு ஆறு வயது மகனுக்கு வயிற்றோட்டம். மூன்று நாளில் சுகமாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் ஒன்றுமில்லை. கடைச் சாப்பாடுதான் காரணம் என்கிறார் இவர். மாமி கண்ணூறு என்கிறார். எனக்கு மகனின் கைதான் என்று படுகிறது. பையில் சனிரைசர் வைத்திருந்தால் போதுமா? சவுக்காரம் போட்டுக் கழுவினால் சோற்றில் வாசம் பிடிக்கும் என்று மாமி சொல்வது சரியா? வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கும் போக இருக்கிறோம்.

பதில்:

தங்கச்சி,

மகனுக்குச் சுகம் என்று வாசித்தபோது நிம்மதியாக இருந்தது. மற்றக் கதைக்குப் போக முதல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இனி ஒருமுறை வயிற்றோட்டம் வந்தால், விடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனித் தூளை, பைக்கற்றில் எழுதியிருக்கும் அளவுக்குக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, உடனேயே மிடறு மிடறாகக் கொடுக்கத் தொடங்குங்கள். மலத்தில் இரத்தம் கண்டால், பல மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால், கண் குழிந்து பிள்ளை சோர்ந்து கிடந்தால், குடிப்பதையெல்லாம் சத்தியெடுத்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். வீட்டு வைத்தியம் பார்க்கும் கட்டம் அது இல்லை.

இனி உங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம். காரணம் கொத்தா, கையா, கண்ணூறா?

ஒரு மாதம் கழித்து, கடிதத்தை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் முப்பது வருடத்துக்குக் கிட்ட வன்னியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்த அனுபவத்தில் ஒன்று தெரியும். வயிற்றுக் கோளாறு வந்தவுடன் எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் பிடிப்பார்கள். கிருமிக்கோ தனி நேரக்கணக்கு இருக்கிறது. சமைத்தவரின் கையிலோ மூக்கிலோ இருந்த ஒருவகைக் கிருமி, ஆறிக்கிடந்த சாப்பாட்டில் பெருகி நஞ்சை விட்டிருந்தால், சாப்பிட்டு 1 மணியிலிருந்து 6 மணித்தியாலத்துக்குள் சத்தி தொடங்கிவிடும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சத்தியையும் வயிற்றோட்டத்தையும் கொண்டுவரும் நோரோ வைரஸ் என்றால் 12 முதல் 48 மணித்தியாலம். வயிற்றுளைவைக் கொண்டுவரும் சிகெல்லா பெரும்பாலும் 1 முதல் 3 நாள். நெருப்புக்காய்ச்சல் வாரக்கணக்கில் ஒளிந்திருந்து வரும். செங்கண்மாரி என்று நாங்கள் சொல்லும் ஹெப்பரைற்றிஸ் ஏ இன்னும் மெதுவானது. கிருமி உள்ளே போய் 15 நாள் முதல் 50 நாள் வரை பிடிக்கும், சராசரி 28 நாள்.

2009இல் போரால் இடம்பெயர்ந்த சனம் இருந்த செட்டிகுளம் முகாம்களில் செங்கண்மாரி பரவிய காலத்தை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளையின் கண் மஞ்சளாகிவிட்டது என்று வந்த தாய்மாரெல்லாம் நேற்று என்ன கொடுத்தோம், முந்தநாள் என்ன கொடுத்தோம் என்றே யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தேடிய பதில் போன மாதத்தில் இருந்தது. அத்தனை சனமும், அத்தனை குறைந்த தண்ணீரும், எட்டித் தொடும் தூரத்தில் மலசலகூடமும் இருந்த இடத்தில் ஒரு கையிலிருந்து இன்னொரு வாய்க்குப் போக அந்தக் கிருமிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

உங்கள் மகனுக்கு இரண்டாம் நாள் இரவு வந்திருக்கிறது. அது நோரோவுக்கும் பொருந்தும், சிகெல்லாவுக்கும் பொருந்தும். மூன்று பேரும் ஒரே கொத்தைச் சாப்பிட்டீர்கள். கொத்து சுடச்சுட இரும்புத் தட்டில் கொத்தி இறக்குவது. அந்தச் சூட்டில் கனக்கக் கிருமி தப்பாது. ஆனால் தட்டிலிருந்து இறக்கிய பிறகு அதைத் தொட்ட கை, மேலே தூவிய பச்சை வெங்காயம், பக்கத்தில் வைத்த சம்பல் எல்லாம் சூடு காணாதவை. ஆகவே கடையை முழுக்க விட்டுவிடவும் ஏலாது. பெரியவர்களுக்கு ஒன்றும் வராததை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லவும் ஏலாது, ஏனென்றால் ஒரே அளவு கிருமி ஆறு வயது வயிற்றைப் பிடிக்கும், வளர்ந்தவரின் வயிற்றை விட்டுவிடும். ஆனாலும் தங்கச்சி, கடையில் சாப்பாடு வரும்வரை ஆறு வயதுப் பெடியன் என்ன செய்துகொண்டிருந்திருப்பான்? மேசைக்குக் கீழே போயிருப்பான். கதிரைக் காலைப் பிடித்திருப்பான். அப்பாவின் போனை வாங்கி விளையாடியிருப்பான். சிகெல்லாவுக்கு 10 முதல் 100 கிருமி உள்ளே போனாலே போதும். அது கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

மாமியோடு இதற்காக வழக்காட வேண்டாம். அவர் நாவூறு சுற்றட்டும், அது பேரப்பிள்ளை மேல் உள்ள பாசம். அவரையே அவன் கையைக் கழுவிவிடும் ஆளாகவும் ஆக்கிவிடுங்கள்.

அடுத்தது இவர் சொன்ன அந்தச் சொல். "அலம்பிப் போட்டு வா." எங்கள் பாசையில் அலம்புவது வேறு, கழுவுவது வேறு. கோப்பையை அலம்புவது என்றால் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டுவது. கழுவுவது என்றால் தேய்ப்பது. ஒரு வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்று மரியாதையாகச் சொல்லுவோம். பல கடைகளில் சாப்பிட முதல் நடப்பது சொல்லுக்குச் சொல் அதுதான். வலது கையின் நாலு விரல் நுனியைக் குழாய்க்குக் கீழே காட்டி, இரண்டு முறை உதறிவிட்டு வந்து இருந்துவிடுகிறோம். இடது கைக்கு அதுவும் கிடையாது. பிறகு அந்த இடது கைதான் றொட்டியைப் பிய்க்கும்போது மற்றப் பக்கத்தைப் பிடிக்கிறது, பிள்ளைக்குத் தண்ணீர்க் கோப்பையின் விளிம்பைப் பிடித்துக் கொடுக்கிறது.

சாப்பிட்டு முடித்த பிறகு அதே ஆளைப் பாருங்கள். சவுக்காரத்தைத் தேடுவார். இல்லையென்றால் கேட்டு வாங்குவார். இரண்டு கையையும் நுரைக்கத் தேய்த்து, மணந்து பார்த்து, மீன் வாசம் போகவில்லையென்று திரும்பவும் தேய்ப்பார். நான் கடைகளுக்குப் பரிசோதனைக்குப் போன நாட்களில் பேசின் பக்கமாக நின்று இதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு கழுவுவது வாசத்துக்கும் எண்ணெய்க்கும். உடம்புக்குத் தேவையான கழுவல் அதற்கு முந்தியது. இரண்டு கழுவலும் எங்களிடம் இருக்கின்றன, ஆனால் இடம் மாறிப்போயிருக்கின்றன. உங்கள் வீட்டுக்காரரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: சாப்பிட்ட பிறகு எப்படிக் கழுவுவீர்களோ, அதே கழுவலை முதலிலும் ஒருக்கால் கழுவுங்கள். புதிதாக ஒன்றும் பழக வேண்டியதில்லை.

சவுக்காரம் ஏன் தேவை என்று அவர் கேட்டால், தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையைத் தண்ணீர் மட்டும் அசைக்காது என்று சொல்லுங்கள். கிருமி அந்தப் பசையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சவுக்காரம் பசையைத் தோலைவிட்டுக் கிளப்பும், தேய்ப்பது அதைப் பிய்த்துவிடும், ஓடும் தண்ணீர் கொண்டுபோய்விடும். சவுக்காரம் போட்டுக் கை கழுவும் பழக்கத்தை உண்டாக்கினால் வயிற்றோட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரியவந்திருக்கிறது. ஒரு கட்டிச் சவுக்காரத்தின் விலைக்கு இப்படி ஒரு மருந்து வேறு இல்லை.

எந்த இடம் தவறிப்போகிறது என்பதையும் சொல்கிறேன். முன்பு பள்ளிக்கூடங்களுக்குப் போகும்போது சிரட்டைக் கரியைத் தூளாக்கித் தேங்காயெண்ணெயில் குழைத்து ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோவேன். பிள்ளைகளின் இரண்டு கையிலும் பூசி, கண்ணை மூடிக்கொண்டு கழுவச் சொல்வேன். கண்ணைத் திறந்து பார்த்தால் உள்ளங்கை வெள்ளையாக இருக்கும். பெருவிரலைச் சுற்றிக் கறுப்பு, விரல் இடுக்கில் கறுப்பு, நகத்தடியில் கறுப்பு. ஒரு வகுப்பில் கூட இது பிழைத்ததில்லை. இப்போது யோசித்துப் பாருங்கள், சோற்றைக் குழைத்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவது உள்ளங்கையா? விரல் நுனிகளும் பெருவிரலும்தான். உள்ளே தள்ளுவது பெருவிரல். கையால் சாப்பிடும் எங்களுக்கு எது அதிகம் முக்கியமோ அதைத்தான் நாங்கள் விட்டுவிடுகிறோம். மகனுக்கு இந்தக் கரிப் பரிசோதனையை ஒரு சனிக்கிழமை செய்து காட்டுங்கள். சொல்லிப் பழக்குவதைவிட அது கெதியாக ஏறும். விரல் நுனிகளை மற்ற உள்ளங்கையில் பிறாண்டுவதுபோல் தேய்க்க வேண்டும், பெருவிரலைத் தனியாகப் பிடித்துத் திருக வேண்டும். 20 விநாடி தேய்த்தால் போதும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் தேவாரம் ஒன்றை ஆறுதலாகச் சொல்லி முடிக்கும் நேரம் அது. மடு மாதா கோவில் பக்கத்துப் பிள்ளையென்றால் ஒரு செபம்.

நகத்தைக் கட்டையாக வெட்டிவிடுங்கள். வயிற்றுப் பூச்சியின் முட்டையும் அங்கேதான் இருக்கும்.

வன்னித் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்ப் புத்தகங்களில் இது இருக்காது. எங்கள் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது. கேத்தலுக்கு அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்சியமும் மக்னீசியமும் சவுக்காரத்தைப் பிடித்துக்கொள்வதால் நுரை வராது, பேசினில் சாம்பல் நிறத்தில் ஒரு பிசுக்கு மட்டும் தங்கும். நுரை வராதபடியால் சவுக்காரம் வேலை செய்யவில்லை என்று நினைத்துச் சனம் கையை எடுத்துவிடுகிறது. இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, கூடுதலாகத் தேய்த்தால் வேலை நடக்கும். போத்தலில் வரும் திரவக் கைகழுவிகளில் பலவற்றில் சவுக்காரத்துக்குப் பதிலாக வேறு பொருள் இருப்பதால் அவை கடினத் தண்ணீரிலும் நுரைக்கும். வசதியிருந்தால் அது நல்லது, கட்டிச் சவுக்காரமும் குறைந்ததில்லை. கடையில் பத்துப் பேர் தொட்ட கட்டியைத் தொடுவதா என்று சிலர் தயங்குவார்கள். தொடுங்கள். மேலே ஒருக்கால் தண்ணீர் விட்டுவிட்டுப் பாவியுங்கள், அதிலிருந்து நோய் தொற்றுவது பயப்படும் விடயம் இல்லை. தண்ணீருக்குள் ஊறிக் கரைந்து கிடக்காமல், ஓட்டை உள்ள பெட்டியிலோ வலைப்பையிலோ தொங்கவிட்டிருக்கும் கட்டி இன்னும் நல்லது.

"கிருமியைக் கொல்லும்" என்று பெட்டியில் எழுதியிருக்கும் சவுக்காரத்துக்குக் கூடக் காசு கொடுக்க வேண்டாம். 2016இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் டிரைகுளோசான் உட்பட 19 பதார்த்தங்களைக் கைகழுவும் சவுக்காரங்களில் போட்டு விற்கக்கூடாது என்று நிறுத்தியது. சாதாரண சவுக்காரத்தையும் தண்ணீரையும் விட அவை கூடுதலாகக் காப்பாற்றுகின்றன என்று தயாரித்தவர்களால் காட்ட முடியவில்லை என்பது காரணம்.

மாமி சொல்லும் வாசம் உண்மை. அவர் இல்லாததைச் சொல்லவில்லை. மணம் கூடிய சவுக்காரத்தைப் போட்டு அரைகுறையாக அலம்பினால் பருப்பும் சோறும் அந்த மணம் மணக்கத்தான் செய்யும். மருந்து சுலபம். மணம் குறைந்த சவுக்காரம் எடுங்கள், தேய்த்த அளவு நேரத்துக்குத் தண்ணீரிலும் பிடியுங்கள்.

சனிரைசர் போதுமா என்று கேட்டீர்கள். சில நேரம் போதும். பஸ்ஸில் வருகிறீர்கள், கம்பியைப் பிடித்த கை, ரிக்கற் காசு எண்ணிய கை, கண்ணுக்குத் தெரிய ஊத்தை இல்லை. முறிகண்டியில் பஸ் நிற்கிறது, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்குகிறீர்கள். தண்ணீரும் சவுக்காரமும் கிடைக்காத அந்தப் பத்து நிமிடத்துக்கு, அற்ககோல் 60 வீதத்துக்குக் குறையாத சனிரைசரைக் கை நிறைய விட்டு, தானாகக் காயும் வரை தேய்த்தால் நல்லது. காய முதல் துடைத்துவிட்டால் பிரயோசனம் இல்லை. ஆனால் கச்சான் கோது உடைத்து மண் ஒட்டிய கைக்கும், எண்ணெய்க் கைக்கும் அது எடுபடாது. ஊத்தைக்கு மேலே பூசுவதாகத்தான் முடியும். நோரோ வைரஸுக்கும் பூச்சி முட்டைக்கும் அதை நம்ப ஏலாது. மலசலகூடத்துக்குப் போய்வந்த கைக்கும் சவுக்காரம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வீட்டுக்காரர் வயலில் மருந்து அடித்துவிட்டு அப்படியே சந்திக்கு வந்து ரீயும் வடையும் சாப்பிடும் ஆளாக இருந்தால், அந்தக் கைக்குச் சனிரைசர் கூடவே கூடாது. பூச்சிநாசினியையும் களைநாசினியையும் அது அகற்றாது. முழங்கை வரை சவுக்காரம் போட்டுக் கழுவி, முகத்தையும் கழுவிவிட்டுத்தான் எதையும் வாயில் வைக்க வேண்டும். விவசாயக் குடும்பங்களில் இதை நான் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். இப்போதும் கேட்கிறேன்.

கடைக்குள் போன பிறகு எதை எப்போது செய்வது என்பதிலும் பிழை விடுகிறோம். பலர் உள்ளே போனவுடன் கையைக் கழுவிவிட்டு வந்து இருப்பார்கள். பிறகு கதிரையை இழுப்பது, சாப்பாட்டு அட்டையைப் புரட்டுவது, போனை எடுத்து அரைமணித்தியாலம் தடவுவது, பிள்ளையின் மூக்கைத் துடைப்பது. கொத்து வரும்போது அந்தக் கை கழுவாத கையாகிவிட்டது. முதலில் இருந்து, சொல்லவேண்டியதைச் சொல்லி, போனைப் பைக்குள் வைத்துவிட்டு, சாப்பாடு வர இருக்கும் நேரத்தில் எழும்பிப் போய்க் கழுவுங்கள். மகனைக் கடைசியாகக் கழுவிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவராமல் முன்னால் நடக்கவிட்டு நேரே கதிரையில் இருத்துங்கள். ஈரக் கையில் கிருமி இலகுவாக ஒட்டும், இலகுவாகப் பரவும். ஆனபடியால் கை காய வேண்டும். கொழுவியிருக்கும் பொதுத் துவாயைத் தொடாதீர்கள், காலையிலிருந்து எத்தனை பேர் துடைத்தார்களோ தெரியாது. சாரத்திலும் சேலைத் தலைப்பிலும் துடைப்பதும் அதே கதைதான். வீட்டிலிருந்து தோய்த்த கைலேஞ்சி ஒன்று தனியாகக் கொண்டுபோனால் அதுவே போதும். இல்லையென்றால் உதறிக் காயவிடுங்கள்.

எங்கள் தேநீர்க் கடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. இருந்தவுடன் ஒரு தட்டில் வடை, றோல்ஸ், பற்றிஸ் எல்லாம் நிறைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்ததற்குக் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். உபசரிப்பாகத் தொடங்கிய வழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எது சூடு என்று பார்க்க ஒருவர் தொட்டுப் பார்த்து வைத்ததை, பிள்ளைகள் கிளறிவிட்டதை, ஐந்தாவது மேசையில் நாங்கள் எடுக்கிறோம். நாங்கள் எவ்வளவு வடிவாகக் கை கழுவியிருந்தாலும் அங்கே அது உதவாது. "தட்டு வேண்டாம் தம்பி, சூடாக மூன்று வடை மட்டும் இடுக்கியால் எடுத்துத் தாங்கோ" என்று சொல்லுங்கள். நான் சொல்லுவேன். ஒரு கடையிலும் முகம் சுளித்தது இல்லை.

சவுக்காரம் கேட்பதும் அப்படித்தான். இவர் அதை எடுப்பு என்று நினைக்கிறார். கடைக்காரரைக் குத்திக் காட்டுவதாகப் போய்விடும் என்ற கூச்சமும் அதற்குள் இருக்கும், அது நல்ல மனதுதான். ஆனால் 2020ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாக் காலத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெட்டிக்கடை வாசலில்கூட ஒரு வாளி, ஒரு பைப், ஒரு சவுக்காரம் இருந்தது. காலால் மிதித்தால் தண்ணீர் வரும்படி எங்கள் பெடியள் கம்பியை வளைத்து ஒட்டித் தாங்களே செய்துவிட்டார்கள். கழுவாமல் உள்ளே போக வெட்கப்பட்டோம். இன்றைக்கு அந்த வாளிகளில் பூக்கன்று நிற்கிறது, கழுவக் கேட்பதற்கு வெட்கப்படுகிறோம். எனக்கு இது உண்மையாகவே மனவருத்தம். அந்த நேரம் பழகிய ஒரே ஒரு நல்ல பழக்கத்தை இப்படிக் கைவிட்டிருக்கத் தேவையில்லை.

கேட்கும்போது முதலாளியிடம் நேரே, மெதுவாக, மற்றவர்கள் காதில் விழாமல் கேளுங்கள். "அண்ணை, பேசினில சவுக்காரம் முடிஞ்சுது போல" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பெரும்பாலும் உள்ளேயிருந்து ஒரு துண்டு வரும். இரண்டு மூன்று தரம் கேட்டும் வராத கடை, மலசலகூடத்துக்குப் பக்கத்திலேயே சாப்பாடு வைத்திருக்கும் கடை, காசு வாங்கிய கையால் றொட்டியை எடுக்கும் கடை என்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் எங்களுக்குப் பரிசோதிக்கவும் வழக்குப் போடவும் அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் அனேகமான இடங்களில் வழக்குத் தேவைப்படாது. ஒருவர் வந்து நின்று பார்த்தாலே அடுத்த நாள் பேசின் மாறிவிடும்.

மாரியில் மட்டும் இன்னும் ஒரு படி கவனம். 2018 மார்கழி வெள்ளத்தில் கிணறும் மலக்குழியும் ஒரே தண்ணீருக்குள் நின்றதைப் பார்த்தோம். அப்படியான காலத்தில் குளோரின் போடாத கிணற்றுத் தண்ணீரில் சவுக்காரம் போட்டுக் கை கழுவலாம், ஆனால் அதே குழாயில் வாய் கொப்பளிக்க வேண்டாம், மேசையில் இருக்கும் ஜக்குத் தண்ணீரையும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். சூடான பிளேன்ரீ பயமில்லாதது.

இனி வற்றாப்பளை. கடல் நீரில் விளக்கெரியும் அம்மனிடம் போகும்போது மனம் முழுக்க அங்கே இருக்க வேண்டும், கையைப் பற்றிய யோசனை வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். ஒன்றரை லீற்றர்ப் போத்தல் இரண்டில் தண்ணீர் நிரப்புங்கள், ஒன்று குடிக்க, மற்றது கைக்கு. கைத் தண்ணீர்ப் போத்தலின் மூடியில் ஊசியைச் சூடாக்கி நாலு ஓட்டை போடுங்கள். சாய்த்தால் பூவாளிபோல் மெல்லிசாக விழும், ஒருவருக்கு ஒரு கோப்பைத் தண்ணீரே போதும். சவுக்காரத்தில் பெருவிரல் அளவு ஒரு துண்டு வெட்டிச் சின்ன டப்பாவில் போடுங்கள். நான் சைக்கிள் பையில் வருடக்கணக்காக அப்படித்தான் வைத்திருக்கிறேன். சனத்துக்குள் தண்ணீர்ப் பந்தல் கோப்பையில் மகனுக்கு வாங்கிக் கொடுக்காமல் அவனுடைய போத்தலையே கொடுங்கள். அன்னதானத்துக்கு இருந்த பிறகு எழும்பிப் போய்க் கழுவ இடம் இருக்காது. ஆனபடியால் வரிசையில் நிற்கும்போதே ஓரமாகப் போய், முதலில் மாமி, பிறகு நீங்கள் இருவரும், கடைசியாக மகன். அவன் தேய்த்து முடியும் வரை தேவாரத்தை மாமி சொல்லட்டும். போத்தலைச் சாய்த்துப் பிடிக்கும் வேலையை இவரிடம் கொடுத்துவிடுங்கள்.